கைகாட்டி தானா விழக்கூடாது: ரெண்டு சர்வோவுக்குத் தனி பவர் சப்ளை போட்ட அனுபவம்

செங்கோட்டையில எங்க வீட்டு முத்தத்துல ஒரு கைகாட்டி மரம், பழைய ரயில் சிக்னல் மாதிரி, நிக்குது. நாலரை அடி உயரம், இரும்பு பைப், மேல சதுர முனை வச்ச சிவப்புக் கை, அதுக்கு ஒரு சாண் கீழ மீன்வால் மாதிரி வெட்டின இன்னொரு கை. ரெண்டும் தகரம். வெட்டுனது, பெயிண்ட் அடிச்சது, வெள்ளைப் பட்டை போட்டது எல்லாம் அப்பா. அவர் மீட்டர் கேஜ் காலத்து பாயிண்ட்ஸ்மேன், ஸ்டேஷன்ல லீவர் இழுக்குற வேலை. புனலூர் மலைப்பாதையில 1904-ல இருந்து ஓடிட்டிருந்த மீட்டர் கேஜ் வண்டி 2010-ல நின்னுது, 2018-ல அகலப்பாதையா திரும்ப வந்தப்போ கைகாட்டி போயி கலர் லைட்டு வந்துட்டு. அவர் கை இழுத்த லீவர் இப்ப எங்கயும் இல்ல. அதான் வீட்டுலயாவது ஒண்ணு நிக்கட்டும்னு ஆசைப்பட்டாவ. என்கிட்ட கேட்டது ஒண்ணுதான், "எய்யா, லீவரை இழுத்தா கை விழணும், விட்டா ஏறணும், அதை மட்டும் கரண்டுல செஞ்சு குடு."

நான் யுபிஎஸ், இன்வெர்ட்டர் சர்வீஸ் பாக்குறவன். பேட்டரி, சார்ஜர் எல்லாம் தினம் கையில பொழங்குற சாமான், அதனால இது ரெண்டு நாள் வேலைன்னுதான் நினைச்சு இறங்குனேன். ஒன்றரை மாசம் ஆச்சு. அதுல புரோகிராம் கோடு எழுதுனது ஒரு சாயங்காலம், மீதி அத்தனை நாளும் பவர் சப்ளைதான்.

எடுத்த மோட்டார் எம்ஜி 996 ஆர்ங்கிற சர்வோ, அதாவது சொன்ன கோணத்துக்குத் திரும்பி அங்கயே நிக்குற மோட்டார், ரெண்டு. 55 கிராம், உள்ள மெட்டல் பல்சக்கரம், 6 வோல்ட் குடுத்தா 11 கிலோ-சென்டிமீட்டர் வரைக்கும் தள்ளும். மூணு வயர் வரும், பிரவுன் கிரவுண்டு, சிவப்பு பவர், ஆரஞ்சு சிக்னல். சிக்னல்ல 20 மில்லி செகண்டுக்கு ஒரு தடவ ஒரு பல்ஸ், அந்தப் பல்ஸ் 1 மில்லி செகண்டா 2 மில்லி செகண்டாங்கிறத வச்சு எவ்வளவு திரும்பணும்னு அது முடிவு பண்ணும். மூளைக்கு ஒரு அர்டுயினோ நேனோ, புரோகிராம் ஏத்தி ஓட்டுற சின்ன போர்டு. நெட்டுல பாத்த படம் எல்லாத்துலயும் சர்வோவோட சிவப்பு வயர் நேரா போர்டோட 5 வோல்ட் பின்னுல சொருகி இருந்துச்சு, நானும் அப்படியே சொருகிட்டு போன் சார்ஜர்ல யுஎஸ்பி குத்தி ஓட்டிப் பாத்தேன். கை மாட்டாம வெறும் மோட்டார் மட்டும் அருமையா திரும்புச்சு. இந்த இடத்துலதான் நிறைய பேரு ஏமாந்து போறோம், லோடு இல்லாம ஓடுறத பாத்துட்டு சப்ளை போதும்னு நம்பிருவோம்.

மறுநாள் கையை மாட்டி, கம்பி இழுத்து, ரெண்டு மோட்டாரையும் சேத்து ஓட்டுனேன். மேல் கை பாதி இறங்குச்சு, நின்னுச்சு, வெட்டி வெட்டி ஆட ஆரம்பிச்சுது, கீழ் கையும் கூடவே ஆடுது, நேனோவுல எல்இடி அணைஞ்சு அணைஞ்சு எரியுது. அப்பா திண்ணையில இருந்து எந்திரிச்சு வந்து பாத்தாவ, முகமே மாறிட்டு. "இது என்னலே, பாதியில நிக்கு? பாதி விழுந்த கையைப் பாத்து டிரைவர் என்ன முடிவு பண்ணுவான்? வார்னர் வேற தனியா ஆடுது. இப்படி ஒரு கைகாட்டி ஸ்டேஷன்ல இருந்தா வண்டியே விட மாட்டாவ."

அவர் சொன்னதுக்கு அர்த்தம் இருக்கு. கை படுக்கை வசமா நின்னா நில்லு, கீழ இறங்குனா வா. மேல் கை இறங்காம கீழ் மீன்வால் கை, அதான் வார்னர், இறங்கவே கூடாது. எல்லாத்துக்கும் மேல, கம்பி அறுந்து போனா எடைக்கட்டை கையை இழுத்து தானா 'நில்லு'வுக்குக் கொண்டு போயிரும். எது கெட்டாலும் வண்டி நிக்கணும், அதுதான் அந்த மரத்தோட தர்மம். என் கைகாட்டி கெட்டுப்போறப்ப எல்லாம் 'நில்லு'வுக்குப் போகாம பாதி விழுந்தே நின்னுச்சு. சரி, இதை அந்த தர்மத்துக்கு ஏத்த மாதிரி செய்யலேன்னா செய்யவே வேண்டாம்னு அன்னைக்கே முடிவு பண்ணுனேன்.

ஏன் ஆடுச்சுன்னா, மோட்டார் சுத்திக்கிட்டு இருக்கப்போ அது ஒரு எதிர் வோல்டேஜை தானே உண்டாக்கும், அதனால கரண்டு அளவோட இருக்கும். நின்ன நிலையில இருந்து கிளம்புற அந்த முதல் தள்ளுல எதிர் வோல்டேஜ் கிடையாது, வெறும் சுருளோட ரெசிஸ்டன்ஸ் மட்டும்தான், அதனால அடைச்சுப் பிடிச்சா எவ்வளவு கரண்டு இழுக்குமோ கிட்டத்தட்ட அதையே இழுக்கும். இந்த மோட்டாருக்கு அது 6 வோல்ட்ல 2.5 ஆம்பியர். ரெண்டும் ஒண்ணா கிளம்புனா 5 ஆம்பியர். நேனோவுல யுஎஸ்பி பக்கத்துல இருந்து வர்ற கரண்டு ஒரு குட்டி ஷாட்கி டயோடு வழியா 5 வோல்ட் பின்னுக்கு வருது, அது அரை ஆம்பியர் சமாச்சாரம். ஆக வோல்டேஜ் சரிஞ்சு நேனோ ரீசெட் ஆகுது, திரும்ப எந்திரிச்சதும் சர்வோவை இயக்குது, திரும்ப சரியுது, திரும்ப ரீசெட். இந்தச் சுத்துலதான் கை ஆடிக்கிட்டே இருந்துச்சு.

இது புரியுறதுக்கு முன்னாடி கண்டதையும் பண்ணுனேன், அதையும் சொல்லிருதேன். கோடுல டிலே கூட்டுனேன், பிரயோஜனம் இல்ல. 9 வோல்ட் பேட்டரி மாட்டுனேன், அந்தச் சின்ன சதுர பேட்டரிக்கு உள் ரெசிஸ்டன்ஸ் அதிகம், ஒரு ஆம்பியர் கேட்டாலே படுத்துரும், ரேடியோவுக்கும் மல்டிமீட்டருக்கும்தான் அது லாயக்கு. அப்புறம் 7805 ரெகுலேட்டர். 12 வோல்ட் அடாப்டர்ல இருந்து 5 வோல்டுக்கு இறக்கும், ஆனா மிச்ச 7 வோல்டையும் சூடாத்தான் கொட்டும், ஒரு ஆம்பியர் போனா 7 வாட். 25 வாட் சால்டரிங் அயன் கையில பிடிச்சவங்களுக்குத் தெரியும், அதுல கால்வாசிக்கு மேல ஒரு விரல் நகம் சைஸ் ஐசிக்குள்ள இருந்து வருதுன்னா எப்படி இருக்கும்னு. சூடு தாங்காம தன்னைத்தானே அணைச்சுக்கிடுச்சு, கையும் பாதியில நின்னுச்சு.

மல்டிமீட்டர் வச்சுப் பாத்தா 4.9 வோல்ட் காட்டுது. ரொம்ப குழப்பினது இதுதான். சப்ளை நல்லாத்தான இருக்கு, பின்ன ஏன் ரீசெட் ஆகுது? புனலூர்ல டிவி ரிப்பேர் பண்ற ஒரு சேட்டன் பழக்கம், அவர்கிட்ட பழைய ஆசிலோஸ்கோப் இருக்கு, வோல்டேஜ் ஏறி இறங்குறத திரையில கோடா வரைஞ்சு காட்டுற மெஷின். மோட்டார், போர்டு எல்லாத்தையும் ஒரு பைக்குள்ள போட்டுக்கிட்டு ரயில்லயே போனேன், கழுதுருட்டி பதிமூணு கண் பாலம் வர்றப்போ எப்பவும் எந்திரிச்சு ஜன்னல் பக்கம் நிப்பேன், அன்னைக்கு மடியில இருந்த பையை விட்டு எந்திரிக்கவே இல்ல. சேட்டன் புரோபை வச்சாரு, நான் பட்டனை அமுக்குனேன். 5 வோல்ட்ல நேரா போயிட்டிருந்த கோடு பட்டுனு கிணத்துல விழுந்த மாதிரி 3.2 வரைக்கும் இறங்கி, ஒரு 20 மில்லி செகண்டுல திரும்ப ஏறிச்சு. மல்டிமீட்டர் ஒரு செகண்டுக்கு ரெண்டு மூணு தடவைதான் புது எண் காட்டும், இந்தப் பள்ளம் அதுக்குக் கண்ணுலயே படாது. 16 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுற நேனோவோட சிப்புக்கு 4.5 வோல்டாவது வேணும். 3.2-ல அது என்ன பண்ணும்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஆசிலோஸ்கோப் இல்லாதவங்களுக்கு ஒரு வழி, நானே பின்னாடி வீட்டுல செஞ்சு பாத்தது. இன்னொரு நேனோவை லேப்டாப்புல இருந்து ஓட்டி, அதோட அனலாக் பின்னுல, ரெண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வச்சுப் பாதியாக்கின சர்வோ லைன் வோல்டேஜைக் குடுத்து, விடாம படிச்சு ஆகக் குறைஞ்ச எண்ணை மட்டும் ஞாபகம் வச்சு காட்டச் சொன்னேன். ஒரு தடவ படிக்க 0.1 மில்லி செகண்டுதான் ஆகும், அதனால பள்ளத்தோட அடி மாட்டிரும். ரெண்டு பக்கமும் கிரவுண்டு சேத்துருக்கணும், அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் கணக்கு. ரெண்டு மோட்டாரும் ஒண்ணா கிளம்புனா 5 ஆம்பியர், அதுக்கு ஏத்த சப்ளைன்னா அடாப்டரும் பெருசு, அதோட 12 வோல்டை 7805 மாதிரி சூடா கொட்டாம 6-க்கு இறக்குற பக் கன்வெர்ட்டரும் பெருசு. நான் பேப்பர்ல கணக்குப் போட்டுட்டு இருக்கப்போ அப்பா எட்டிப் பாத்து, "ஒரே நேரத்துல ரெண்டு லீவரை எவன்யா இழுப்பான்? மொதல்ல மேல் கை, அது விழுந்த பொறவுதான வார்னரு" அப்படின்னாவ. அந்த ஒரு வார்த்தையில கணக்கு மாறிட்டு. மேல் கை கிளம்பி இறங்கி முடிச்சு, அரை செகண்டு விட்டு கீழ் கை. ஏறுறப்போ கீழ் கை முதல்ல, அப்புறம் மேல் கை. அப்போ ஒரு மோட்டார் கிளம்புறதுக்கு 2.5 ஆம்பியர், ஏற்கனவே இறங்கி நிக்குற இன்னொண்ணுக்கு அரை ஆம்பியர், மொத்தம் 3. 6 வோல்ட், 3 ஆம்பியர்னா 18 வாட். பக் கன்வெர்ட்டர்ல நூத்துக்கு 15 போகும்னு வச்சா 21 வாட், 12 வோல்ட் பக்கத்துல 1.8 ஆம்பியர் கூட வராது. 12 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் தாராளம்.

கன்வெர்ட்டருக்கு எல்எம் 2596 மாடூல்தான் எங்கயும் கிடைக்கும், 3 ஆம்பியர்னு போட்டுருக்கும், ஹீட்சிங்க் இல்லாம 2-க்கு மேல நான் நம்ப மாட்டேன். எக்ஸ்எல் 4015, 5 ஆம்பியர்னு வர்றது, அதை எடுத்து 3-ல ஓட்டுதேன். இந்த மாடூல் வாங்குறவங்க தயவுசெஞ்சு சர்வோவை மாட்டுறதுக்கு முன்னாடி அவுட்புட்டை அளந்து பாருங்க. பெட்டியில இருந்து வர்றப்போ அந்தச் சின்ன பித்தளை ஸ்க்ரூ எங்க நிக்கும்னு சொல்ல முடியாது, எனக்கு வந்தது 11 வோல்டுக்கு மேல குடுத்துட்டு இருந்துச்சு. சோதனைக்குன்னு வச்சிருந்த ஒரு குட்டி எஸ்ஜி 90 சர்வோவை அளக்காம மாட்டுனேன், ஒரு தடவ துள்ளுச்சு, கருகின வாடை, முடிஞ்சு போச்சு. அந்த ஸ்க்ரூ பல சுத்து உள்ளது, முதல் அஞ்சாறு சுத்துக்கு எண் அசையவே அசையாம இருக்கலாம், கெட்டுப்போச்சுன்னு நினைக்காம பொறுமையா சுத்தணும். 6.0 வோல்ட் வச்சு, ஸ்க்ரூ மேல ஒரு சொட்டு நெயில் பாலிஷ் விட்டுட்டேன், நகராது.

இப்ப 'தனி சப்ளை'ங்கிற வார்த்தை. நான் முதல்ல அதை அப்படியே எடுத்துக்கிட்டு நேனோவுக்கு ஒரு அடாப்டர், சர்வோவுக்கு ஒரு அடாப்டர், ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லாம போட்டேன். சர்வோ சொன்ன பேச்சு கேக்கல, அது பாட்டுக்கு துடிக்குது. சேட்டனுக்கு போன் போட்டேன், "ஆத்யம் கிரவுண்டு நோக்கு", முதல்ல கிரவுண்டைப் பாரு, அப்படின்னாரு. சிக்னல் 5 வோல்ட்னா எதுல இருந்து 5 வோல்ட்? அளக்குறதுக்கு ரெண்டு பேருக்கும் ஒரே தரை வேணும்ல. பிளஸ் தனித்தனி, மைனஸ் பொது. சரின்னு மைனஸைச் சேத்தேன், ஆனா சேத்த இடம் தப்பு. சர்வோவோட பிரவுன் வயரை பிரெட்போர்டுல, அதான் சால்டர் பண்ணாம வயரைச் சொருகுற ஓட்டைப் பலகையில, நேனோ கிரவுண்டு பக்கத்துல சொருகி, அங்க இருந்து ஒரு ஜம்பர் வயர் சப்ளைக்குப் போச்சு. அப்ப என்ன ஆகும், மோட்டார் குடிச்ச கரண்டு பூராவும் அந்த முடி மாதிரி ஜம்பர் வழியாத்தான் திரும்பி வீட்டுக்குப் போகும். பத்து தடவ கையை ஏத்தி இறக்கிட்டு ஜம்பரைத் தொட்டேன், மேல் தோல் இளகி விரல்ல ஒட்டுச்சு. 28 கேஜ் ஜம்பர் மீட்டருக்கு 0.21 ஓம், போக வர 40 சென்டிமீட்டருக்கே 2.5 ஆம்பியர்ல 0.2 வோல்ட் போயிரும், பிரெட்போர்டு ஓட்டையில போறது தனி. அதுல பாதி கிரவுண்டு பக்கம் ஏறி நிக்கும், நேனோவுக்குத் தரையே ஆடும்.

பிரெட்போர்டை அன்னைக்கே தூக்கிட்டேன். கன்வெர்ட்டர் அவுட்புட் பக்கத்துல ஒரு ஸ்க்ரூ டெர்மினல் கட்டை. அந்தக் கட்டையில இருந்து ஒவ்வொரு சர்வோவுக்கும் வீட்டு வயரிங்ல மிஞ்சின 0.75 சதுர மில்லிமீட்டர் வயர்ல தனித்தனியா சிவப்பும் கறுப்பும். அதே கட்டையோட மைனஸ்ல இருந்து ஒரே ஒரு வயர் நேனோவுக்கு. சர்வோ கரண்டு நேனோ பக்கம் எட்டிப் பாக்காது.

கன்வெர்ட்டரை எங்க வைக்குறதுன்னும் யோசிக்கணும். அடாப்டர் திண்ணைக்குள்ள, மரம் 6 மீட்டர் தள்ளி. திண்ணையிலயே 6 வோல்டாக்கி அனுப்புனா போக வர 12 மீட்டர் 0.75 வயர் 0.3 ஓம் வரும், 3 ஆம்பியருக்கு 0.9 வோல்ட் வயர்லயே போயிரும், மோட்டாருக்கு 5.1 தான் போய்ச் சேரும். 12 வோல்டாவே அனுப்பி மரத்தடியில இறக்குனா அரை வோல்ட் போகும், 11.5-ல இருந்து 6 ஆக்குறதுக்கு கன்வெர்ட்டருக்கு ஒரு கஷ்டமும் இல்ல. அதனால மரத்தடியில ஒரு பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ், அடிப்பக்கம் மட்டும் ரெண்டு ஓட்டை. ஆனி ஆடி ரெண்டு மாசமும் இங்க சாரல் நேரா விழாது, பக்கவாட்டுல வரும், மேல ஓட்டை போட்ட பாக்ஸ் ஒரு வாரம் தாங்காது.

ஒவ்வொரு சர்வோ கிட்டயும் 2200 மைக்ரோ ஃபாரட் 16 வோல்ட் கெபாசிட்டர், கூட ஒரு 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக். கன்வெர்ட்டர் சுதாரிக்குறதுக்குள்ள 1 மில்லி செகண்டுக்கு 2 ஆம்பியர் கூடுதலா கேட்டுச்சுன்னா 2200-ல 0.9 வோல்ட் இறங்கும், ரெண்டும் ஒரே லைன்ல இருக்கதால 4400 ஆகி 0.45 தான் இறங்கும். நேனோவுக்கு அதே 12 வோல்ட்ல இருந்து கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுற ஒரு 1என்5819 டயோடு, ஒரு 470 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர், நேரா போர்டோட விஐஎன் பின். மோட்டார் 12 வோல்டைக் கொஞ்சம் இழுத்தாலும் டயோடுக்கு அந்தப் பக்கம் நேனோவோட சேமிப்பு அதுக்கே இருக்கும். நேனோ குடிக்குறது 30 மில்லி ஆம்பியர்தான், போர்டு ரெகுலேட்டருக்கு அது ஒண்ணும் சூடு இல்ல.

இவ்வளவும் முடிஞ்சு ஓட்டுனப்போ ஆட்டம் சுத்தமா நின்னுட்டு, ஆகக் குறைஞ்ச வோல்டேஜ் 5.6, ரீசெட் கிடையாது. ஆனா அந்த மரத்தோட தர்மம் கேக்குற கேள்வி அப்படியே நிக்குது. கரண்டு போனா?

இதுக்கு மூணு வேலை. முதல்ல கோடு. அர்டுயினோ சர்வோ லைப்ரரியில அட்டாச், அதாவது சர்வோவை இந்தப் பின்னோட சேருன்னு, சொன்னதும் அது 1500 மைக்ரோ செகண்டு பல்ஸை, அதாவது நடு நிலையைத்தான் அனுப்பும், என் மரத்துல நடுன்னா பாதி விழுந்த கை. அட்டாச்சுக்கு முன்னாடியே 'நில்லு' கோணத்தை ரைட் கமாண்டுல குடுத்துட்டா நேரா அங்க போகும். சிக்னல் லைன்ல இருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், நேனோ தூக்கத்துல இருக்கப்போ லைன் அந்தரத்துல தொங்கக் கூடாது.

ரெண்டாவது, கன்வெர்ட்டருக்குப் போற 12 வோல்ட்ல ஒரு ஐஆர்எஃப் 9540 மாஸ்ஃபெட், அதாவது எலக்ட்ரானிக் சுவிட்ச், பிளஸ் பக்கம். அதை இயக்க ஒரு பிசி 547 டிரான்சிஸ்டர், அதோட பேஸ்ல இருந்தும் கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம். நேனோ வேணும்னே 'ஆன்'னு சொன்னாத்தான் சர்வோவுக்கு கரண்டு, நேனோ ரீசெட் ஆனாலோ செத்தாலோ சர்வோ கரண்டு தானா நின்னுரும். மைனஸ் பக்கம் கட் பண்ணுனா இன்னும் சுலபம்தான், ஆனா அப்ப சர்வோ தன் கரண்டை சிக்னல் வயர் வழியா தேடும், அது நேனோ பின்னுக்குக் கேடு. மாஸ்ஃபெட் திறந்ததும் கெபாசிட்டர் எல்லாம் ஒரே மூச்சுல நிரம்பும், நான் முதல்ல போட்டிருந்த 2 ஆம்பியர் அடாப்டர் அந்த நேரத்துல அணைஞ்சு எரிஞ்சுது, 3 ஆம்பியர் போட்டதும் சரியாச்சு. திறந்து 200 மில்லி செகண்டு கழிச்சுதான் சர்வோவுக்கு பல்ஸ்.

மூணாவது எடைக்கட்டை, அப்பாவோட பங்கு. கரண்டு இல்லாத சர்வோவை வெளிய இருந்து திருப்புறதுக்கு அந்தப் பல்சக்கரம் முழுக்க எதிர்ச் சுத்து சுத்தணும், லேசுல அசையாது. கைக்குப் பின்னாடி 4 சென்டிமீட்டர் தள்ளி ஆச்சி கடையில இருந்த பழைய எடைக்கல்லைக் கட்டிப் பாத்தோம். 200 கிராமுக்கு அசையல. 500 கிராம் போட்டதும் மேல் கை மெதுவா ஏறிச்சு. கீழ் மோட்டார் புதுசு, இறுக்கம் ஜாஸ்தி, அதுக்கு 700 ஆச்சு. ஆனா எடை கூடுனா கை விழுந்து கிடக்குற நேரம் பூராவும் மோட்டார் அந்த எடையைத் தாங்கிட்டு இருக்கணும், அளந்தா மேல் மோட்டார் 0.4 ஆம்பியர், கீழ் மோட்டார் 0.6, ஒரு முனகல் சத்தம், அஞ்சு நிமிஷத்துல மோட்டாரைத் தொட்டா சுடுது. கணக்குல அரை ஆம்பியர்னு வச்சது மேல் மோட்டாருக்கு, கீழ் மோட்டார் கிளம்புறப்போ தாங்கிட்டு நிக்குறது அதுதான், அதனால சப்ளை போதும், மோட்டார் சூட்டுக்குத்தான் வழி தெரியல. அப்பாகிட்ட சொன்னேன். "வண்டி உள்ள வந்த பொறவு கையை எதுக்குய்யா கீழ போட்டு வச்சிருக்க? உடனே தூக்கிடணும்லா." அதுவும் கோடுல ஏறிச்சு, 60 செகண்டு ஆனா ரெண்டு கையும் தானா ஏறும், ஏறினதும் மாஸ்ஃபெட் மூடும். நாள் பூரா மரம் 'நில்லு'வுல நிக்குது, நேனோவைத் தவிர எதுவும் கரண்டு குடிக்கல.

போன வாரம் சாயங்காலம் சாரல் காத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க லீவரை இழுத்து ரெண்டு கையும் கீழ இறங்கி நின்ன நேரம் பாத்து தெருவே இருட்டாச்சு. மழைக்குள்ள பைப்புல எடைக்கல்லு டிக்குனு உக்காந்த சத்தம் ஒண்ணு, கொஞ்சம் விட்டு இன்னொண்ணு. அப்பா டார்ச்சை எடுத்துட்டு முத்தத்துல இறங்கி மேல அடிச்சுப் பாத்தாவ. ரெண்டு கையும் படுக்கையா நிக்குது. கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டு திரும்பி வந்து, "இனி விளக்கு வைக்கலாம்"னாவ. சிவப்பு, பச்சை கண்ணாடி ரெண்டும் அவர்கிட்ட வெட்டி ரெடியா இருக்கு. பின்னாடி எரியுற எல்இடிக்கு லைனை நேனோ பக்கத்து டயோடுக்கு அப்புறம் எடுக்கப் போறேன், சர்வோ பக்கத்துல எடுத்தா மாஸ்ஃபெட் மூடுன நேரமெல்லாம் விளக்கும் அணைஞ்சுரும்.